பருப்பு வேகும் தண்ணீர்

செட்டிநாட்டில் தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகத் துவரம்பருப்புதான் பார்த்துவந்திருக்கிறது. புதுக் கிணறு வெட்டினாலும் சரி, போர் போட்டாலும் சரி, ஒரு குடம் கொண்டுவந்து அதில் பருப்பை வேகப்போட்டுப் பார்ப்பார்கள். மலர்ந்து குழைந்தால் நல்ல தண்ணீர். எவ்வளவு நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தால், "இது புழங்கத்தான் ஆகும், குடிக்க ஆகாது" என்று ஆச்சிமார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்தச் சோதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். கொதிக்கும்போது அது கரைந்து விலகினால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், அந்த அயனிகள் பெக்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு விறகு எரித்தும் பயனில்லை. ஆக, பருப்புப் பானை என்பது கடினத்தன்மையை அளக்கும் கருவிதான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500). அந்த எண்ணைப் பருப்பு சொல்லாது. எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடின நீர் பாத்திரத்தைக் கெடுக்கும், சோப்பை வீணாக்கும், ஆனால் ஆளைச் சாய்ப்பதில்லை. ஆளைச் சாய்க்கும் பொருள்கள் எதையும் பருப்பு காட்டிக்கொடுக்காது. போதாததற்கு, அவற்றுள் ஒன்று இருக்கும்போது பருப்பு இன்னும் நன்றாகவே வெந்துவிடக்கூடும்.

இதைப் பேசக் கீழச்சிவல்பட்டி பொருத்தமான ஊர். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், சிவகங்கை மாவட்டத்தின் வட விளிம்பில் இருக்கும் நகரத்தார் ஊர் அது. வற்றாத ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விடைகளைக் கண்டுபிடித்தது. முதலில் ஊருணி, பிறகு போர், அதன்பின் காவிரி. ஒவ்வொன்றும் முந்தையதன் ஆபத்து ஒன்றை நீக்கியது, தன் பங்குக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது.

ஊருணியிலிருந்து தொடங்குவோம். செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக் கூரைகள் எல்லாம் உள்நோக்கிச் சரிந்து வளவு என்ற உள்முற்றத்தில் மழையைக் கொட்டும். முதல் மழையை ஓடவிட்டுவிட்டு, அடுத்த மழையில் அண்டாக்களையும் குடங்களையும் வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது கால்வாய் வழியே வெளியேறும். வானத்திலிருந்து நேரே வந்த அந்த நீரில் உப்பும் இல்லை, ஃபுளோரைடும் இல்லை. ஊர்ப் பொட்டலில் விழுந்த மழையோ வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும். குடிக்கும் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. யார் இறங்கி மொள்ளலாம், யார் கரையிலேயே நிற்க வேண்டும் என்றும் சாதி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. ஊருணிகளின் பெருமை பேசும் கட்டுரைகள் பலவும் இந்த இரண்டாவது கட்டுப்பாட்டை எழுத மறந்துவிடுகின்றன.

கால் நனைக்காதே என்ற விதிக்குப் பின்னால் ஓர் உயிரியல் கதை உண்டு. தென்தமிழகத்துக் குளங்களிலும் படிக்கிணறுகளிலும் நரம்புச் சிலந்தி நோய் ஒரு காலத்தில் சாதாரணம். நோயாளியின் காலில் கொப்புளம் ஒன்று கிளம்பும், நெருப்புப் பட்டதுபோல எரியும். எரிச்சல் தணியக் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, உள்ளே இருக்கும் பெண் புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களைத் தண்ணீரில் கக்கும். அவற்றை சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி விழுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே ஒரு தம்ளர் ஊருணி நீரைப் பிடித்தால் துள்ளித் துள்ளி நகரும் வெள்ளைப் புள்ளியாக அது தெரியும், அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த நீரைக் குடித்தவர் உடலுக்குள் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்தில் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுப்பார்கள். அறுந்துவிட்டால் சீழ் பிடித்துக்கொள்ளும்.

மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல் இந்த நோயை நாடு ஒழித்தது. வேட்டித் துணியை மடித்து வடிகட்டினாலே சைக்ளாப்ஸ் மேலே தங்கிவிடும், அவ்வளவுதான் தேவை. தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்திலேயே நோய் மறைந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. அதே துணி காலராவிலும் பாதி வேலை செய்யும் என்பதை ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் காட்டி, 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி இந்த நுண்பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு பயணிப்பதால், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் இதற்கு மேல். அதன் இழைகள் பிரிந்து கண்ணிகளை அடைத்துவிடுவதே காரணம்.

கலங்கிய செந்நிற நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைப்பது இன்னொரு பழக்கம். களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் அவற்றைக் கோத்துக் கட்டிகளாக்கி அடியில் படியவைக்கின்றன. இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். செம்புக் குடத்துக்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. கிருமி கலந்த நீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்தால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் மடிகின்றன என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று கைதட்டுவோர் கூட்டத்தில் நான் சேரவில்லை. தெரிந்திருந்தால் இந்த ஊர்களில் காலராவுக்கு மாரியம்மன் கோயில் திண்ணையில் வேண்டுதல் வைக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் சில பழக்கங்கள் எக்காரணத்துக்காகத் தொடங்கியிருந்தாலும் வேலை செய்தன. அதுவும் உண்மை.

அடுத்தது போர். 1960களின் வறட்சிக்குப் பிறகு பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் வந்தன. 1970களின் பிற்பகுதியில் கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தியா மார்க் 2 கைப்பம்பு ஊர் ஊராக நின்றது. ஆழத்துத் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது, சைக்ளாப்ஸ் கிடையாது, கலங்கல் கிடையாது. ஊருணிகள் மெல்லக் குப்பைக்குப் போயின.

கீழச்சிவல்பட்டிக்கு வடக்கே திருமயம் கோட்டை நிற்கும் பாறை, தெற்கே பிள்ளையார்பட்டிக் குடைவரை, குன்றக்குடிக் குன்று. நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு இவையே சாட்சி. கிழக்கே காரைக்குடி தாண்டினால் கதை மாறிவிடும். அங்கே மணற்கல் படிவங்கள் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கின்றன, காரைக்குடியின் சம்பை ஊற்று நீருக்கு இருக்கும் பெயர் அதனால்தான். இங்கோ கடினப் பாறை, அதில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். ஒரு வீட்டுப் போரில் பொங்கும் தண்ணீர் அடுத்த மனையில் ஒரு சொட்டு வராது. தரமும் அப்படியே. பக்கத்து வீட்டுத் தண்ணீரைச் சோதித்த அறிக்கை உங்கள் வீட்டுக்குச் செல்லாது.

அந்த வெடிப்புகளில் ஆண்டுக்கணக்காக நிற்கும் நீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கருநிற மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அப்பட்டைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் ஃபுளோரைடு தாராளமாக ஏறும். இப்போது பருப்புப் பானைக்குத் திரும்புங்கள். கால்சியம் குறைந்த நீர், கூடவே பைகார்பனேட். பருப்பு வேகாதபோது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறோமே, அந்தச் சோடா இயற்கையாகவே கரைந்த தண்ணீர் அது. பருப்பு அழகாகக் குழையும். ஆச்சி முதல் மதிப்பெண் போடுவார். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இந்த அளவில் ருசியும் இல்லை.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5-க்கு மேல் கூடாது என்பது நம் தர அளவு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்காகக் குடிக்கும் குழந்தையின் நிலைப்பற்கள் வெண்சுண்ணாம்புக் கோடுகளோடு, பிறகு பழுப்புக் கறையோடு முளைக்கும். பல் எனாமல் உருவாகும் வயதில், சுமாராக எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கணக்கு. அதனால் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தாயின் பல் பளிச்சென்று இருக்கும், அவள் இங்கே பெற்று வளர்த்த பிள்ளையின் பல்லில் கறை இருக்கும். தேய்க்கவில்லை என்று பிள்ளை அடி வாங்கும். அளவு இன்னும் கூடி, ஆண்டுகளும் கூடினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில்.

காரணம் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் நடந்தது. கொலராடோ மாநிலத்தில் 1901-இல் பல் மருத்துவம் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே, ஊர்ப் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டார். தண்ணீர் மேல் அவருக்குச் சந்தேகம், ஆனால் அன்றைய சோதனைகள் எதுவும் ஒன்றையும் காட்டவில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற சுரங்க ஊர் 1909-இல் ஆழமில்லாக் கிணறுகளை விட்டு ஆழ்கிணற்றுக்கு மாறியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் கறை. ஊருணியை விட்டுப் போருக்கு மாறிய கதையேதான். 1931-இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் அந்த நீரில் ஃபுளோரைடைப் பிடித்தார். முப்பது ஆண்டு ஒரு மருத்துவர் தேடியதைக் கருவி ஒரே ஆய்வில் காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் மிகக் கடுமையாகப் படிக்கப்பட்ட இடம் தருமபுரி, கிருஷ்ணகிரி. ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைந்து 2013-இல் செயலுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. மண்ணுக்கடியில் இருப்பதை மாற்ற முடியாது, ஆற்றைக் குழாயில் கொண்டுவரலாம் என்பதே அதன் தர்க்கம். நம் பக்கத்துக்கும் அதே தர்க்கம்தான் வந்தது. திருச்சிக்கு அருகே முத்தரசநல்லூரில் காவிரி மணலிலிருந்து நீர் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாய்ச் செலவில் உருவாயிற்று.

காவிரி நீரில் ஃபுளோரைடுத் தொல்லை பெரிதாக இல்லை, பருப்பும் வேகும். ஆனால் குழாய்த் தண்ணீரின் எதிரி புறப்படும் இடத்தில் இல்லை, வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. அழுத்தம் போதாத தெருக்களில் என்ன செய்வோம்? குழாயை வெட்டித் தாழ்த்தி, வாசலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிப்போம். சிந்திய தண்ணீர், கோழி கிளறிய மண், பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் அந்தக் குழியில் தேங்கும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழியில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர் தெருவில் ஒருவர் இருந்தாலே போதும், விரிசல் உள்ள இடத்திலெல்லாம் சாக்கடை உள்ளே ஏறும். மறுநாள் காலை முதலில் வரும் குடம் யார் வீட்டுக்குப் போகிறதோ அவர்கள் பாடு.

இதற்குக் காவல் குளோரின்தான். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் தேவை. முப்பது சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 200 கிராம். கணக்கு சுலபம், ஆனால் வாய் திறந்தபடி பஞ்சாயத்து அறையில் கிடக்கும் மூட்டையின் வீரியம் மழைக்காலத்தில் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். அளவு மாறாது, பலன் மாறிவிடும். தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்பது முக்கியமில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. குளோரோஸ்கோப் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் வெளிர் மஞ்சள் தெரிய வேண்டும். நிறம் வரவில்லை என்றால் காவலர் வழியிலேயே தீர்ந்துபோனார் என்று பொருள். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அந்தந்த இடத்திலேயே குளோரின் மருந்து தயாரிக்கும் கருவியில் வேலை செய்திருக்கிறது. வீரியம் போகும் முன்பே பயன்படுத்திவிடக்கூடிய மருந்து அது. இருபது முப்பது கிலோமீட்டர் தூரத்து ஊர்களின் தொட்டிகள் இன்னும் மூட்டையை நம்பி இருப்பது எனக்கு விளங்காத சங்கதி.

மருந்து தடுக்காத கேடும் உண்டு. 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகு தொட்டியில் ஏறிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்ப் பாதுகாப்பு என்பதில் மூடியும் பூட்டும், ஏணியில் யார் ஏறுகிறார்கள் என்பதும் அடக்கம்.

இத்தனைக்கும் பயந்துதான் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. எந்திரமும் இருபது லிட்டர் கேனும் வந்தன. விற்பனையாளர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை உங்கள் தம்ளரில் முக்குவார், 700 என்று காட்டும். தன் எந்திரத் தண்ணீரில் முக்குவார், 40. வியாபாரம் முடிந்தது. அந்த மீட்டர் அளப்பது கரைந்த உப்பு மொத்தத்தின் மின்கடத்தலை மட்டும். ஃபுளோரைடு 3 இருந்தாலும் 0.3 இருந்தாலும் அதற்குத் தெரியாது. சாக்கடைக் கிருமி ஒரு கோடி இருந்தாலும் எண் நகராது. துவரம்பருப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விலைதான். ஃபுளோரைடு மிகுந்த போரையே குடித்தாக வேண்டிய வீட்டில் ஆர்.ஓ. உண்மையில் உதவும், அதை மறுக்கவில்லை. கொதிக்கவைப்பது அங்கே உதவாது. கிருமி சாகும், நீர் ஆவியாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் மிஞ்சிய நீரில் இன்னும் செறிவாகும்.

கிருமிக்கு ஒரு மலிவான சோதனை இந்தியாவிலேயே பிறந்தது. குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982-இல் வெளியிட்டது. சிறு குப்பிக்குள் மருந்தில் நனைத்து உலர்த்திய காகிதத் துண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வீட்டு அலமாரியிலேயே ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் சில கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும், அது காகிதத்திலுள்ள இரும்போடு சேர்ந்து குப்பி முழுவதையும் கறுப்பாக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அறிக்கை. ஆனால் கறுத்த குப்பியைத் தொட்டபின் கைகழுவாமல் இருக்கக் கூடாது, கண்ட இடத்தில் கொட்டவும் கூடாது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களச்சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்பாடு. ஃபுளோரைடு, நைட்ரேட்டு போன்றவற்றைத் துல்லியமாக அறிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் கட்டணத்துக்குச் சோதித்துத் தரும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு கல்யாணத்துக்குத் திறக்கும். ஒட்டடை அடிப்பார்கள், ஆத்தங்குடிக் கல் பளபளக்கும், மாடித் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் நின்ற குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பாகப் படலம் கட்டியிருக்கும். அந்தத் தண்ணீரில்தான் நூற்றுக்கணக்கானவர்களுக்கு மோர் கலக்கப்படும். சாம்பார் கொதித்துவிடும், மோர் கொதிக்காது. சமையல்காரர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு 170 கிராம் அளவில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிநீரை ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுக்க நிறுத்தி, மறுநாள் வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஏற்ற வேண்டும். பந்தல் செலவில் இது ஒரு மூலைக்கு வராது.

மாதிரி எடுக்கப் போகிறவருக்கு ஒரு விஷயம். காவிரி முறையாக வராத நாள்களில் ஊர்ப் போரையும் சேர்த்து ஒரே தொட்டியில் ஏற்றுவது பல ஊராட்சிகளில் வழக்கம். போரில் ஃபுளோரைடு 2.4, காவிரியில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி கலந்தால் 1.4, வரம்புக்குள். காவிரி குழாய் உடைந்த வாரத்தில் முழுக்கப் போர்தான், 2.4. ஒரே குழாய், ஒரே குடம், இரண்டு அறிக்கை. ஆகவே பாட்டிலை நிரப்புவதற்கு முன் டேங்க் ஆபரேட்டரிடம், "அண்ணே, இன்னைக்கு ஏத்துனது காவிரியா, போரா, ரெண்டுமா?" என்று கேட்டு, தேதியோடு அந்த விடையையும் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதாவிட்டால் ஆய்வகம் தரும் எண் எந்தத் தண்ணீருடையது என்று அதைத் தந்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.